இடது பக்கத்து பிரேக்

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கோயிலுக்குப் போவேன், குறி கேட்கப் போக மாட்டேன். கோவில்பட்டியில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் நான். வண்டியில் எலுமிச்சம்பழம் தொங்குவதுகூடப் படிக்க வருகிறவர்கள் கேட்கிறார்களே என்பதற்காகத்தான். நடுரோட்டில் வெள்ளைச் சேலை நின்றது, ஆளில்லாத வண்டி ஓடியது என்று பிள்ளைகள் கதை விட்டால், "முதல்ல கிளட்சைப் பாரு, பேயைப் பெறவு பாப்போம்" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். இன்னொன்று, இது ராத்திரிக் கதையும் இல்லை. பட்டப்பகலில், தலையில் வெயில் பொரிகிற நேரத்தில் நடந்தது.

எங்கள் ஊரில் கார் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். அதற்குச் செயலாளர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, எல்லாருக்கும் அண்ணாச்சி, என்னிடம்தான் கார் ஓட்டப் படித்தார். வருஷத்துக்கு ஒரு பந்தயம் வைப்பார்கள். மண் தரையில் வளைந்து வளைந்து பாதை போட்டு, ஒவ்வொரு வண்டியாக விட்டு, யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்கள் என்று பார்ப்பார்கள். இந்தத் தடவை பெண்களுக்கும் தனியாக உண்டு என்றதும் என் தம்பி மாரி என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டான். மாரி சின்னதாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். அவனும் பந்தயத்தில் இருந்தான். ஆண்களில் முதலில் வருகிறவரைக் கோயம்புத்தூரில் நடக்கிற பெரிய பந்தயத்துக்குக் கிளப் செலவில் அனுப்புவார்கள், அவனுக்கு அந்தக் கனவு தூக்கத்தில்கூட ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன். ஆசைப்படுகிறானே என்று நானும் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் ஒரே வண்டிதான், எங்கள் ஸ்கூல் வண்டி.

ஸ்கூல் வண்டி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவருக்கு இருக்கிற மாதிரியே இடது பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். இரண்டு பக்கமும் கம்பி போட்டு இணைத்திருக்கும். நான் இந்தப் பக்கம் மிதித்தால் ஓட்டுகிறவர் பக்கத்துப் பெடலும் சேர்ந்தே இறங்கும். வண்டி ஓட்டுவதே தொழில் என்றாலும், ஸ்டியரிங் பக்கத்தில் நான் உட்கார்ந்த நாட்கள் கொஞ்சம்தான்.

பந்தயப் பாதை போட்டிருந்தது எட்டயபுரத்திலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கரிசல் காட்டில். பருத்தி எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த நிலம். டிராக்டரை விட்டு நிரவி, புழுதி அடங்க ஒரு வாரமாக டேங்கர் தண்ணீர் அடித்து, காயவிட்டு, மறுபடி அடித்து வைத்திருந்தார்கள். எனக்குப் பழக்கமில்லாத இடம். அதனால் முந்தின நாளே போய்ப் பாதையைப் படித்துக்கொள்ளலாம் என்று மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு தனியாகப் போனேன். மாரி பைக்கிலேயே வந்து ஏற்கெனவே சுற்றிப் பழகியிருந்தான்.

"டீச்சர், மெதுவாச் சுத்திப் பழகிக்கிடுங்க, வேகத்தையெல்லாம் நாளைக்குக் காட்டுங்க" என்றார் அண்ணாச்சி.

"ரிவர்ஸ் எடுக்கச் சொன்னா கதவத் தொறந்து எட்டிப் பாத்த ஆளு நீங்க, எனக்கு வேகம் சொல்லித் தாரீங்களாக்கும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாமியானா நிழலுக்குப் போய்விட்டார்.

முதலில் நடந்தே பார்த்தேன். கிளம்பினதும் ஒரு வேலிக்கருவைப் புதர், அதைச் சுற்றி இடது பக்கம் திரும்ப வேண்டும், அப்புறம் குறுகலாக ஒரு வலது வளைவு, அதை விட்டு வெளியே வந்தால் நேர்ப்பாதை. அந்த நேர்ப்பாதையின் நடுவில் ஓரமாக ஒற்றைப் பனை. பனையைத் தாண்டி ரொம்ப தூரம் போன பிறகுதான் கடைசி வளைவு. அந்த நேர்ப்பாதையில்தான் நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தரை காலுக்குக் கெட்டியாகத்தான் இருந்தது.

வண்டியை எடுத்தேன். புதரைச் சுற்றினேன், வளைவை எடுத்தேன், நேர்ப்பாதையில் மூன்றாவது கியர் போட்டுப் பனையை நெருங்கும்போது வண்டி மூக்கைக் குத்தி நின்றுவிட்டது. என் வலது கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது. இடது கால் சும்மா கீழே இருக்கிறது. குனிந்து பார்க்கிறேன், பிரேக் பெடல் தானாக அடிவரை இறங்கிக் கிடக்கிறது. கிளட்சும் இறங்கிக் கிடக்கிறது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் அங்கே சீட் காலி, பெல்ட் தொங்குகிறது, அந்தப் பக்கத்துப் பெடல்கள் இரண்டும் யாரோ மிதித்துப் பிடித்திருக்கிற மாதிரி தரையோடு தரையாக இருக்கின்றன.

ரிப்பேர் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் ரிப்பேர் என்றால் ஒரு பெடல் சிக்கும், இரண்டும் வரிசையாகச் சிக்குமா? முதலில் பிரேக் இறங்கியது, என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க அப்புறம் கிளட்ச் இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்குத்தான் அந்த வரிசை காலில் வரும். நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது பிரேக் மேலே வந்தது, பிறகு கிளட்ச் மெல்ல, ரொம்ப மெல்ல மேலே ஏறியது. வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது. அவ்வளவு பக்குவமாகக் கிளட்ச் விட எனக்கே இப்போதுதான் வருகிறது.

இரண்டாவது சுற்றில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனேன். அதே இடம், பனைக்கு முன்னால், அதே மாதிரி. மூன்றாவது சுற்றில் நானாகவே அந்த இடத்துக்கு முன்னால் பிரேக் போட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கத்துப் பெடல் என் காலோடு சேர்ந்து இறங்கியது, என் காலோடு சேர்ந்து ஏறியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. நானே மிதித்தால் அதற்கு வேலை இல்லை போல.

என்ஜினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பயந்தாயா என்று கேட்பீர்கள். சத்தியமாகப் பயம் வரவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, அந்தக் காலி சீட்டைப் பார்த்துக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மிதித்திருக்கிறேன். எனக்காக ஒருவர் மிதித்தது அன்றைக்குத்தான். கண்ணுக்கு எட்டின மட்டும் கறுப்பு நிலம், மேலே வெயில், என்னோடு யாரோ இருந்தார்கள். அதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் மாரியின் ஞாபகம் வந்தது. பந்தயத்துக்கு முன்னால் கூடுதல் பெடலையும் இடது சீட்டையும் கழற்றிவிட வேண்டும் என்பது கிளப் விதி. நாளைக்கு அவன் இதே இடத்தில் உயிரைக் கொடுத்து ஓட்டுவான், மிதிக்க இங்கே பெடலே இருக்காது.

அண்ணாச்சியிடம் ஓடினேன். என் பிரேக் தானாக மிதிபடுகிறது என்று சொன்னால் எனக்கு லைசென்ஸ் கொடுத்தவனைத் தேடுவார், அதனால், "பனைக்கிட்ட தரை சரியில்ல அண்ணாச்சி, பாதைய மாத்திப் போடுங்க" என்றேன். மனுஷன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து நாலு இடத்தில் குத்தினார். கடப்பாரை டங் டங் என்று துள்ளியது.

"கல்லு கணக்கா இருக்கு டீச்சர். உங்களுக்கு வெயில் ஒத்துக்கிடல, போய் ஒரு சர்பத்து குடிங்க."

வீட்டுக்கு வந்து மாரியிடம், "ஏலே, பிரேக்கு ஒரு மாதிரியா இருக்கு, பாரு" என்று மட்டும் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்து எல்லாவற்றையும் பார்த்தான். ஒரு குறையும் இல்லை என்றான். மறுநாள் காலையில் சீட்டையும் பெடலையும் கம்பியோடு கழற்றி ஒர்க் ஷாப்பில் போட்டுவிட்டு வந்தான்.

"பனைக்கிட்ட மட்டும் மெதுவாப் போலே" என்றேன்.

"யக்கா, அங்கனதான் நேரத்தப் பிடிக்கணும். நீ சொல்லுத வேகத்துல போனா ஆட்டுக்குட்டி என்னை முந்திரும்."

"சொன்னதைக் கேளு மூதி."

கேட்கிற மூஞ்சியாக இல்லை. காரணத்தைச் சொன்னால் இன்னும் சிரித்துவிட்டு இன்னும் வேகமாகப் போவான். அவனை எனக்குத் தெரியும்.

முதலில் பெண்கள். பனைக்கு முன்னால் நானே பிரேக்கை மிதித்து, ஓரமாக ஒதுங்கி, ஊர்ந்து போனேன். கூட்டம் ஊளையிட்டது. மூன்று பேரில் மூன்றாவதாக வந்தேன், அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. பிறகு அதே வண்டியில் மாரி ஏறினான். நான் பனைக்கு நேராக, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி வேண்டினேன், எந்தச் சாமியை வேண்டினேன் என்றுகூட நினைவில்லை.

வளைவை அவன் எடுத்த அழகைப் பார்த்துக் கூட்டம் கை தட்டியது. நேர்ப்பாதையில் என்ஜின் அலறுகிறது, வேகம் ஏறிக்கொண்டே இருக்கிறது, குறைகிற மாதிரியே இல்லை, நான் கண்ணை மூடப் போனேன். அந்த நேரத்தில் வண்டி மூக்கைக் குத்தியது. பின்பக்கம் இப்படியும் அப்படியும் ஆடி, பனைக்கு முன்னால் நின்றேவிட்டது. கூட்டம் மறுபடி ஊளையிட்டது. கயிற்றைத் தாண்டி நான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள், வண்டிக்கு முன்னால் இருந்த தரை சத்தமே இல்லாமல், புட்டு சரிகிற மாதிரி உள்ளே சரிந்தது.

கிணறு. சுற்றிலும் கல் வைத்துக் கட்டின பழைய கிணறு. எந்தக் காலத்திலோ தூர்த்து மேலே உழுதிருக்கிறார்கள், நிலம் கை மாறிக் கை மாறி வந்ததில் அங்கே ஒரு கிணறு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் அடித்த டேங்கர் தண்ணீரில் உள்ளே மண் இறங்கிப் பொக்கையாகிவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள். யாரோ ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார்கள். சத்தம் வருகிறதா என்று எல்லாரும் காது கொடுத்து நின்றோம், வர நேரமாயிற்று. அண்ணாச்சி கடப்பாரை குத்தின இடங்களெல்லாம் உள்ளே போயிருந்தன. மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாரி வண்டிக்குள் சிலை மாதிரி இருந்தான். அவனை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதேன். என்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பந்தயம் அதோடு நின்றது. சாயங்காலம் புதரோரம் உட்கார்ந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"நான் பிரேக்குல காலே வைக்கலக்கா."

"பெறவு?"

"பிரேக்கு தானா எறங்குச்சு. பெறவு கிளட்சும் எறங்குச்சு. நீ மிதிக்கேன்னு நெனச்சு, ஓங்கிட்டப் படிச்ச காலத்துப் பழக்கத்துல இடது பக்கம் திரும்பி 'சரிக்கா'ன்னு சொல்லிட்டேன். பாத்தா அங்கன சீட்டே இல்ல."

முந்தின நாள் எனக்கு நடந்ததை அப்போதுதான் அவனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான், சிரிக்கவில்லை. அவனைத் தேற்றுவதாக நினைத்து, "கயித்தோரமா நின்னு நானும் தரையப் போட்டு மிதிச்சேம்லே, அந்த மிதிதான் ஒனக்கு வந்து சேந்திருக்கும்" என்றேன்.

மாரி அந்தப் பனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இல்லக்கா. நீ மிதிச்சா திட்டிக்கிட்டேதான் மிதிப்ப. இது ஒரு வார்த்தை திட்டல."

மறுநாளே சீட்டையும் பெடலையும் திரும்ப மாட்டிவிட்டோம், ஸ்கூல் நடக்க வேண்டுமே. தினமும் அந்த இடது பக்கம்தான் உட்காருகிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பெடலில் கால் வைக்கிறேன். படிக்க வருகிற பிள்ளைகள் ஏன் டீச்சர் என்று கேட்டால், செருப்பு வழுக்குது என்று சொல்லிவிடுகிறேன்.