சுகந்தி டீச்சரின் கறுப்பு ஸ்லைட்

சுகந்தி டீச்சர் இறந்துவிட்டார். நேற்றுக் காலை... மாரடைப்பாம்.

அந்தச் செய்திக்குக் கீழே "வாழ்த்துகள் டீச்சர்" என்று கேக் படத்தோடு போட்ட மடையன் நான்தான். பெற்றோர் குரூப்பில் வந்தது ஒரு படம். பூக்களுக்கு மேலே ஊதா நிறத்தில் பொடி எழுத்து, நடுவில் டீச்சர் சிரிக்கிறார். பிறந்தநாள் என்று நினைத்துவிட்டேன். எல்லாரும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நிரோஷாவுக்குப் பார்வை குறைவு. வருடா வருடம் இன்னும் குறைகிறது. அவளுடைய போன் எழுத்தை வாசித்துச் சொல்லும், படத்துக்குள் இருக்கும் எழுத்தை வாசிக்காது.

"அப்பா, குரூப்ல என்னமோ வந்திருக்கு. போன் 'படம்'னு மட்டும் சொல்லுது. என்னப்பா அது?"

அப்போதுதான் கண்ணாடியைத் தேடிப் போட்டேன். வாசித்துச் சொல்ல வேண்டியவனும் நானாகிப் போனேன்.

டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து தேயிலை மலைநாட்டுக்கு, தலவாக்கலைப் பக்கம் எங்கள் ஸ்கூலுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர். எனக்கு டவுனில் சின்னதாய் ஒரு கம்யூனிகேஷன் கடை. போட்டோகொப்பி, டைப்பிங்... டீச்சர் எழுதித் தந்தால் நான் ஸ்லைட் அடித்துக் கொடுப்பேன்.

முதல் தடவை நான் காட்டிய வித்தையைக் கேளுங்கள். இலையைப் பற்றிய பாடம். பின்னால் ஒரு தேயிலை மலையையே தூக்கிப் போட்டேன். அதன் மேல் பச்சை எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் பறந்து வந்து விழும்.

"அண்ணை, கொழுந்து வடிவாத்தான் இருக்கு. எழுத்து எங்க?"

"உள்ளுக்குத்தாங்க டீச்சர் இருக்கு."

"அப்ப உங்கட மகள் வகுப்பிலயும் கொழுந்து பறிச்சுக்கொண்டு இருக்கட்டும் எண்டுறியளோ?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது... ஆனால் கேட்டது சரிதானே.

அன்றிலிருந்து கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. பெரிய எழுத்து. ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம், அதற்கு மேல் ஒரு ரோஜாப்பூ வைத்தாலும் திரும்பி வரும்.

இதயத்தின் படத்தில் "சிவப்பு, நீலம் எண்டு விட்டிட்டுப் போகாதேங்கோ. எது எது எண்டு பக்கத்தில எழுதுங்கோ" என்றார். எழுதும்போதுதான் நம் உடம்பில் பாதி ரத்தம் நீல நிறம் இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. அதைச் சொன்னதும் உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வகுப்பில் படத்தைக் காட்டுவதோடு விடமாட்டார். மேலே என்ன, கீழே என்ன, எது எதோடு சேருகிறது... எல்லாவற்றையும் வாயாலும் சொல்வார். நிரோஷா அதை வீட்டில் வந்து அப்படியே ஒப்பிப்பாள்.

போன ஸ்கூல் தவணையில் டீச்சர் லீவில் இருந்தபோது வேறொருவர் வந்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லவில்லை.

"இன்னைக்கு என்னம்மா படிச்ச?"

"'இது இங்க இருந்து அங்க போகுது'ன்னு படிச்சேன்ப்பா. எது, எங்க இருந்துன்னுதான் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இன்று டீச்சரை ஸ்கூல் ஹாலில் வைத்திருந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக வேன் வெளியே நின்றது. நிரோஷா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அடுத்த வருடம் அவளுக்கு ஓ.எல். பொதுப் பரீட்சை...

வெளியே வரும்போது அதிபர் கிட்டே வந்தார்.

"என்ன நிரோஷாப்பா, ஒண்ணுமே பேசாம நிக்கிறீங்க?"

"ரொம்ப நல்ல டீச்சருங்க சேர்..."

இன்னொரு கேள்வி வாய்வரை வந்தது. பெட்டி பக்கத்தில் இருக்கும்போது கேட்கிற கேள்வியா அது?

யாழ்ப்பாணம் வரைக்கும் நீண்ட பாதை, டீச்சர். பத்திரமாய்ப் போய்ச் சேருங்கள்.

அதிபரிடம் கேட்காமல் விழுங்கியது இதுதான்... "திங்கக்கிழமை விஞ்ஞானப் பாடத்துக்கு யாருங்க சேர் வர்றாங்க?"