மூக்குத்தித் துவாரத்தை அடைத்த சந்தனம்

அம்மனை நம்பி வந்திருக்கும் உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. சில வருஷங்களுக்கு முன், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் என் பிழைப்பும் பேரும் ஒன்றாகப் போயின. கெடுத்தவன் என் மனைவியின் தம்பி முத்துவேல்.

நான் விமானப்படையில் கருவிகள் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவன். ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளியின் சொந்தச் சின்ன விமானத்துக்கு நான்தான் மெக்கானிக். செட்டியார்பட்டிப் பக்கம் அவர் தோட்டத்திலேயே ஓடுதளம் உண்டு. அங்கே முத்துவேல் மேனேஜர். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

அன்று முதலாளி தானே ஓட்டிக்கொண்டு பிளவக்கல் அணைப் பக்கம் போனார். உயரம் காட்டும் முள் அசையவில்லை. வேகமும் தப்பாகக் காட்டியது. மேகத்துக்குள் மாட்டி, மலைச்சரிவில் இடிக்காத குறையாகத் திரும்பி வந்தார்.

உடனே கருவிகளைக் கழற்றிச் சோதித்தேன். ஒரு கோளாறும் இல்லை. அதுவே எனக்கு வினையானது.

"கருவி நல்லாத்தான இருக்கு முதலாளி? மாட்டுனவருதான் சரியில்ல. மச்சான் இப்பம்லாம் குடிச்சிட்டு வாராரு. சொந்தமாச்சேன்னு சொல்லாம இருந்தேன்" என்றான் முத்துவேல், என் முன்னாலேயே.

நான் குடியைத் தொட்டவனே இல்லை. விமானத்தின் வெளிப்புறத்தைப் பார்க்கும் முன்பே முதலாளி விமானக் கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டார். என் லைசென்ஸை ரத்து செய்ய மேலே எழுதப் போவதாகவும் சொன்னார்.

"தம்பிதான, விட்டுருங்க" என்றாள் மனைவி. எப்படி விடுவது? வயிறு பற்றி எரிந்தது.

வன்னியம்பட்டியில் எங்கள் காளியம்மன் கோயிலுக்குப் போனேன். மிளகாய் அரைத்து வாசல் கல்லில் பூசினேன். அநியாயம் செய்தவனுக்கு எரியட்டும் என்று எங்கள் பக்கம் வேண்டிக்கொள்ளும் முறை அது. "தாயே, என்னையக் காப்பாத்துறது பொறவு. மொதல்ல அவன் வாயாலயே அவன் மாட்டணும்" என்று கேட்டேன். மிளகாய் நெடியோடு அழுகையும் வந்தது.

உள்ளே போனால் அம்மனுக்குச் சந்தனக்காப்பு. பூசாரி ஈர்க்குச்சியை வைத்து அம்மன் மூக்கில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுதிய?"

"மூக்குத்தி போடணும்லா. சந்தனம் துவாரத்த அடைச்சிட்டு. காஞ்சா கல்லாப் போயிரும்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் விமானத்தின் பக்கவாட்டில் ஒரு வட்டத் தகடு உண்டு. அதன் நடுவே மூக்குத்தித் துவாரம் அளவுக்கு ஓர் ஓட்டை. வெளிக்காற்றின் அழுத்தம் அதன் வழியாகத்தான் கருவிகளுக்குப் போகும். அது அடைத்தால் எவ்வளவு மேலே ஏறினாலும் முள் தரையிலேயே நிற்கும். பங்காளி வீட்டுத் தீட்டு என்பதால் நான் ஆயுத பூஜைக்குப் போகவில்லை. விமானத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தது யார்?

முதலாளியிடம் கெஞ்சி, ஒரே ஒரு தடவை பார்க்க அனுமதி வாங்கினேன். மறுநாள் எல்லாரும் நின்றார்கள். தகட்டின் மேல் பொட்டைத் துடைத்திருந்தார்கள். ஓட்டைக்குள் மஞ்சளாகத் தெரிந்தது. நான் உடனே சொல்லவில்லை. அம்மன் கொடுத்ததை ருசித்துச் சாப்பிட வேண்டாமா?

"மாப்ள, பூசையன்னைக்குப் பிளேனுக்குப் பொட்டு வச்சது ஆரு?"

"நாந்தான். வேற எவனையும் தொடவிடலயே."

"எந்த எடத்துல?"

"இந்தா, இந்த வட்டத்துலதான். பொட்டுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரில்லா இருக்கு" என்று விரலை வைத்தே காட்டினான்.

காற்றை உறிஞ்சும் சின்னப் பம்பை அந்த ஓட்டையில் பொருத்தி இழுத்தேன். உள்ளே முள் அசையவில்லை. தகட்டைக் கழற்றி, இறுகிப்போன சந்தனத்தை எடுத்து முதலாளியின் உள்ளங்கையில் வைத்தேன். தகட்டைத் திரும்ப மாட்டி மறுபடி இழுத்தேன். முள் சரசரவென்று ஏறியது.

முதலாளி அதை முகர்ந்து பார்த்தார். "ஏலே, என்னையச் சாகடிக்கப் பாத்துட்டு இவரையா குடிகாரன்னு சொன்ன?"

முத்துவேல் பொட்டைக் காட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான். என் வயிற்றெரிச்சல் அன்றைக்குத்தான் அடங்கியது.

சாவியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவனை வேலையை விட்டு அனுப்பப் போனார் முதலாளி. நான்தான் தடுத்தேன். எனக்குப் பெரிய மனசு என்று மனைவி இன்றும் சொல்கிறாள். வீட்டுக்கு அனுப்பினால் அவன் மறந்துவிடுவான் என்பது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்து, "மாப்ள, மூக்க மட்டும் அடைச்சிராத" என்கிறேன், எல்லார் முன்னாலும்.

இப்போது வெள்ளி தவறாமல் அம்மனுக்குச் சந்தனம் என் செலவு. நியாயம் உங்கள் பக்கம் இருந்தால் நீங்களும் அவளிடம் கூசாமல் கேளுங்கள். கேட்டதைத் தருவாள். மன்னிக்கிற மனசை நான் கேட்கவில்லை. அவளும் தரவில்லை.