ஐந்து மணிக்கு நின்ற பாட்டு

காலால் மிதிக்கும் ஆர்மோனியம் மூச்சு வாங்குவதுதான் முதலில் கேட்கும். பிறகு ஒரு பெண்குரல். நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரி விடுதியின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. அங்கே நாலரை மணிக்கு நாடகப் பாட்டுப் பாடம் நடக்கும். கடைசியில் ஒரு ராணியின் பாட்டு வரும். படிப்படியாக ஏறி, உச்சிக்குப் போகப்போகிற இடத்தில் நின்றுவிடும். தினமும் அப்படித்தான். ஐந்து மணிக்கு விடுதியில் மணி அடிக்கும். கொசு வராமல் ஜன்னல்களைச் சாத்த வேண்டும். ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. சாத்திவிட்டு மரப்பலகையில் காதை வைத்தால் அந்தப் பக்கம் ஆர்மோனியமும் அடங்கியிருக்கும். அவர்களுக்கும் ஐந்து மணிக்கு ஏதோ வேலை இருக்கும்போல என்று நினைத்துக்கொள்வேன். பாடியவரின் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலை இன்றும் தேடுகிறேன்.

நூலக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஒரு மாலைப் பத்திரிகைக்கு 'இன்று மதுரையில்' என்ற பத்தியைத் தொகுத்துத் தருகிறேன். கச்சேரி, நாடகம், நடனம், பட்டிமன்றம் எல்லாம் அதில் வரும். ஊரிலுள்ள எல்லா நோட்டீஸும் வந்து சேரும், நாம் தேடுகிற ஒன்றைத் தவிர. இதுதான் இந்தத் தொழிலின் லட்சணம். பாதியில் நின்ற பாட்டு ஒன்று உங்களிடமும் இருக்குமானால் மேலே படியுங்கள்.

முகமும் குரலும்

திருவிழாக்களில் போடும் இசை நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜா ஓர் ஊரிலிருந்து வருவார், ராணி வேறோர் ஊரிலிருந்து. மேடையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வார்கள். அதனால் நோட்டீஸில் எல்லாருடைய முகமும் ஊர்ப்பெயரும் பெரிதாக இருக்கும். நாடக ஏஜென்ட் மாயாண்டி கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். பபூனின் படம் ராஜாவின் படத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாகிவிட்டதென்று நடந்த சண்டையெல்லாம் சொல்வார்.

ஒருநாள் கூச்சத்தை விட்டு அந்த ராணிப் பாட்டின் மெட்டைப் பாதிவரை முனகிக் காட்டினேன். இதைப் பாடிய பெண் யார் தெரியுமா என்று கேட்டேன். மாயாண்டி வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "மேடம், மூஞ்சியச் சொல்லுங்க, இல்ல ஊரச் சொல்லுங்க, நாளைக்கே ஆளக் கொண்டாந்து நிறுத்துறேன். கொரலுக்கு எந்த ஊர்ல பஸ் ஸ்டாப் இருக்கு?"

போன வருட நோட்டீஸ்

கோயில் நோட்டீஸில் தமிழ் மாதம் இருக்கும், தேதி இருக்கும், கிழமை இருக்கும். வருடம் மட்டும் பல சமயம் இருக்காது. ஊருக்குத் தெரிந்ததை எதற்கு அச்சடிப்பது என்ற எண்ணம். அவனியாபுரம் பக்கத்துக் கோயில் ஒன்றின் நோட்டீஸை எவரோ பழைய கட்டிலிருந்து எடுத்து அனுப்பிவிட்டார். ராணி வேடத்துக்கு ஒரு மூத்த நடிகையின் படம் போட்டிருந்தது. அவர்தானோ என்ற ஆசையில் கிழமையைக்கூடச் சரிபார்க்காமல் பத்தியில் சேர்த்துவிட்டேன்.

பத்தியைத் தவறாமல் படிக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் மனைவியோடு ஷேர் ஆட்டோவில் போய்க் காத்திருந்து திரும்பியிருக்கிறார். மறுநாள் காலையிலேயே போன் செய்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "ஒரு ஆடு மட்டும் மேடையில நின்னுச்சும்மா. குறை சொல்லக் கூடாது, வசனத்த மறக்கல."

கண்ணை மூடிக்கொண்டு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொள்வேன். சபாக் கச்சேரியில் இது ரசனை என்று பெயர் வாங்கித் தரும். சிம்மக்கல்லில் மெல்லிசைக் குழு பாடியபோது, பக்கத்து நாற்காலிப் பெண் எனக்கு மயக்கம் என்று சோடா வாங்கிவந்து கொடுத்தாள். பாடகிகள் மேலே ஏறும் இடங்களில் என் காது தானாக முன்னால் நகரும். இல்லை, இவளில்லை என்று திரும்பி வரும். தேடுகிற குரலுக்கு இப்போது எண்பது வயதிருக்கும் என்பது அந்தக் காதுக்கு உறைப்பதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இளைஞர்கள் சிலர் மாடி அறையொன்றில் நவீன நாடகம் போட்டார்கள். பார்வையாளர்கள் பதினொரு பேர். தரையில் சாக்கு விரித்திருந்தார்கள். வழக்கம்போலக் கண்ணை மூடினேன். காலடிச் சத்தம், ஒரு குடம் உருளும் சத்தம், மூச்சிரைப்பு, வேறெதுவுமில்லை. வசனம் இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். கைதட்டல் வந்துவிட்டது. இயக்கிய பெண் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, வசனமே இல்லாத நாடகத்தக் கண்ண மூடிக்கிட்டுப் பாத்த மொத ஆள் நீங்கதான். எப்டி இருந்துச்சு?"

வீட்டைச் சொன்னபோது

போன மாசி மாதம் மாயாண்டிக்கு உடம்பு சரியில்லை. அவருக்குப் பதிலாக நோட்டீஸ் கொண்டுவந்தவர் சுப்பையா என்ற ஆர்மோனியக்காரர். அவரிடமும் மெட்டை முனகினேன். தெரியவில்லை என்றார். காப்பி குடித்துக்கொண்டே, "எங்க வச்சும்மா கேட்டீக?" என்றார். விடுதியையும் மதிலையும் ஓட்டு வீட்டையும் சொன்னேன். இத்தனை வருடம் எல்லாரிடமும் மெட்டை முனகினேனே தவிர வீட்டைச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. படித்தவள் தேடுகிற அழகு அது.

சுப்பையா தம்ளரை வைத்துவிட்டார். "அது எங்க வாத்தியார் வீடுல்ல! அங்க பாடம் கேட்ட பொம்பளப் பிள்ள ஒருத்தங்கதான். கமலவேணி அக்கா. அலங்காநல்லூர்ல மகன் வீட்ல இருக்காங்க. டவுன் பஸ்ல ஏறுனா ஒரு மணி நேரம்."

அலங்காநல்லூர்

முன்னறையில் கமலவேணி முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சின்ன உருவம். நான் யாரென்று தெரியாமலே, "வாங்கம்மா, உக்காருங்க, வெயில்ல வந்திருக்கீக" என்றார். வயது தேய்த்த பிறகும் அது அதே குரல்தான். உட்கார்ந்தேன். பிறகு விடுதியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கை நின்றது. "அந்த ஹாஸ்டலா! நான் மேல எடுக்கப் போறப்ப படார்னு ஜன்னலச் சாத்துவீகளே. படிக்கிற பிள்ளைகளுக்கு எம்பாட்டு எடஞ்சலா இருக்குன்னு கூச்சமாப் போயிரும். அத்தோட எந்திருச்சு வந்துருவேன். வாத்தியாரு வஞ்சு பாத்தாரு. அப்பறம் வேற பாட்டு எடுத்துக் குடுத்துட்டாரு. மூணு வருசம் மேடையேறுனேன், அந்தப் பாட்ட மட்டும் பாடவே இல்ல."

"சாத்தினது நான்தான்க்கா," என்றேன். "கொசுவுக்காகச் சாத்தினேன். பாட்டுக்காக இல்ல. பாட்டக் கேக்கத்தான் அந்தக் கட்டிலையே கேட்டு வாங்கினேன்."

என்னைப் பார்த்தார். அப்புறம் முறம் குலுங்கச் சிரித்தார். "கொசுவுக்கா! அம்பத்தஞ்சு வருசமா ஒரு கொசுவுக்குப் பயந்திருக்கேன், பாத்துக்கங்க."

சிரிப்பு ஓய்ந்ததும், அந்த முடிவை ஒரே ஒரு தடவை பாடிக் காட்டுவீர்களா என்று கேட்டேன். பாடக்கூட வேண்டாம், சொன்னால் போதும் என்றேன். அவர் உதட்டை அசைத்துப் பார்த்தார். உள்ளுக்குள் படியேறுவது கண்ணில் தெரிந்தது. உரித்த மொச்சை ஒன்றை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "நீங்க சாத்துன எடம் வரைக்குந்தாம்மா எனக்கும் தெரியும்."

யார் எங்கே பாடுகிறார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், ஒரு பாட்டைத் தினமும் தானே நிறுத்திவிட்டு, அதன் மீதியை அரை நூற்றாண்டு தேடியிருக்கிறேன். கமலவேணி கல்யாணத்தோடு நாடகத்தை விட்டு, பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் செய்து ஓய்வுபெற்று, இப்போது மகன் வீட்டில் இருக்கிறார்.