நின்ற இடத்திலேயே பெரிதான பந்து

சாவியை மறந்து கீழே இறங்கிவிட்டேன். மகள் மாடியிலிருந்து எறிந்தாள். அந்தரத்தில் அது எந்தப் பக்கமும் விலகாமல், நின்ற இடத்திலேயே பெரிதாகிக்கொண்டு வந்தது. என் விரல்கள் எப்போது மூடின என்று தெரியவில்லை.

சின்ன வயதில், நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே பந்து. வாசலைத் தாண்டினால் பள்ளம், பள்ளத்தில் ஆறு. ஒரு சாயங்காலம் நான் ஓங்கி அடித்ததில் பந்து மூடுபனிக்குள் ஏறி மறைந்தது. கொழுந்தை நிறுத்துக் கொட்டிவிட்டு, வெறுங்கூடையை முதுகில் போட்டபடி அம்மா பள்ளத்தோரமாக வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, பந்து" என்று கத்தினேன்.

அம்மா அண்ணாந்தாள். பனியிலிருந்து பந்து வெளிப்பட்டபோது அவள் தலைக்குச் சற்று மேலேதான் இருந்தது. ஓரடி பின்னால் வைத்தாள். கை உயர்ந்து மூடிக்கொண்டது. நான் அவளிடம் ஓடினேன்.

"எப்பிடிம்மா புடிச்ச?"

"தெரியலடி. ஓரடி பின்னுக்குப் போனேன், பந்து நின்ன எடத்துலயே பெருசாகிட்டு வந்துச்சு. மிச்சத்த கை பாத்துக்கிச்சு. கொழுந்து பறிக்கையில கையவா பாக்குறோம்?"

ஏதோ வித்தையை மறைக்கிறாள் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

"கையப் பாக்கவே இல்லையே, எப்பிடிம்மா புடிச்சீங்க?" மாடியிலிருந்து மகள் கேட்டாள்.

"தெரியலடி" என்றேன். அம்மா எதையும் மறைக்கவில்லை.