வாளியில் ஒரு சிவப்புக் கோடு

சாப்பாட்டு டப்பா சுமக்கும் தொழிலில் ஆறு வயதுப் பிள்ளைதான் முதலாளி.

நூல் மில்லில் இருபத்தொன்பது வருடம் கோன் எண்ணி அடுக்கிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். படிப்பு எட்டாம் வகுப்பு. இப்போது திண்டுக்கல்லில் முப்பத்தொரு வீடுகளில் பதினொன்றரைக்குள் டப்பா வாங்கி, மொபெட்டில் கட்டி, பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்குகிறேன். பேசக் கூச்சப்படும் ஆளுக்கு ஏற்ற வேலை. வாசலில் மணி அடித்தால் டப்பா வரும், வாங்கிக்கொண்டு போய்விடலாம். பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் "சாப்டியா?" என்று கேட்கப் பயப்படும் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

கோடு

பிள்ளைகள் வைக்கும் மிச்சத்தை ஒரு வாளியில் கொட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திருப்பி எடுத்து வருவேன். ஒருநாள் தலைமையாசிரியை சிஸ்டர் அந்த வாளியை எட்டிப் பார்த்தார். மறுநாள் வாளியின் உள்பக்கம் பாதிக்குச் சற்றுக் கீழே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இருந்தது.

வீட்டிலிருந்து சூடாக வந்தால் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்றுதான் என்னை உள்ளே விட்டாராம். இப்படிக் கொட்டுவதற்குக் காலையிலேயே ஆளுக்கொரு சின்ன டப்பா கொண்டுவந்தால் போதுமாம். ஒரு மாதம் தவணை கொடுத்தார். கோபமே இல்லாமல் சொன்னதால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "அஞ்சு நாள் கோட்டைத் தாண்டினா பொறுத்துக்குவேன்யா. ஆறாவது நாள் தாண்டுச்சுன்னா, அடுத்த மாசம் நீங்க வர வேணாம்."

செவ்வாய்க்கிழமை

பெற்றோர் கூட்டத்தில் சிஸ்டரே சொல்லி, செவ்வாய்க்கிழமை கீரை நாள் ஆகியிருந்தது. தவணையின் முதல் செவ்வாயன்று முப்பத்தொரு டப்பாவில் இருபத்தாறில் கீரை. வாளி பச்சைப் பசேல் என்று கோட்டைத் தாண்டியது. நோட்டில் 'ஒன்று' என்று எழுதினேன்.

அடுத்த செவ்வாய்க்குள் அம்மாக்கள் விழித்துக்கொண்டார்கள். கீரையைப் பருப்புக்குள் ஒளித்தார்கள், அடைக்குள் ஒளித்தார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா முருங்கைக்கீரையை அரைத்துச் சப்பாத்தி மாவிலேயே பிசைந்துவிட்டார். பையன் டப்பாவைத் திறந்து, ஒரு சப்பாத்தியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு என்னிடம் கொண்டுவந்து காட்டினான். "தாத்தா, எங்க வீட்டுத் தோசைக்கல்லு பாசி புடிச்சிருச்சு போல. அம்மாட்ட வெளக்கச் சொல்லுங்க."

ஒரே காதுகுத்து

இந்தத் தவறை நான் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். எங்கள் பக்கம் காதுகுத்துக்குப் போய் மொய் வைத்தால் எவர்சில்வர் டப்பா கொடுத்து அனுப்புவார்கள். மூடியில் காது குத்திக்கொண்ட குழந்தையின் பெயர் வெட்டியிருக்கும். ஒரே தெருவில் இரண்டு வீடுகள். ஒன்று சின்னாளபட்டியிலிருந்து குடிவந்த நெசவுக்கார வீடு. இன்னொன்றில் வாத்தியார் ஜெயராஜ் குடும்பம். இருவரும் ஒரே காதுகுத்துக்குப் போனவர்கள். அதனால் இரண்டு வீட்டு டப்பாவிலும் அதே குழந்தையின் பெயர். பைக்குப் பை நான் கட்டிவைக்கும் கலர் நூல்தான் அடையாளம். ஒரு திங்கட்கிழமை இரண்டு வீட்டிலும் பையைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். நூல் இல்லை. மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

நெசவுக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பீட்ரூட் பொரியல் என்றாலே ஆகாது. வாத்தியார் மகன் தட்டைப்பயறுச் சுண்டலைத் தொடமாட்டான். அன்று பீட்ரூட்டை வாத்தியார் மகன் தின்றான், சுண்டலை அந்தப் பிள்ளை தின்றது. இரண்டு டப்பாவும் துடைத்து வைத்த மாதிரி திரும்பி வந்தன. முப்பத்தொன்றில் ஒன்றைக்கூட இதுவரை மாற்றியதில்லை என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் நெசவுக்கார வீட்டில் போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அந்த அம்மா தறிப் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார். "பாவு ஓட்டவும் சமைக்கவும் எனக்கு நேரம் சரியாப் போகுது. இனிமே தெனமும் மாத்தியே குடுத்துருங்கண்ணே."

மோர்

பாக்கெட் ஜூஸ் கூடாது, வீட்டு மோரோ எலுமிச்சைச் சாறோ கொடுங்கள் என்று சிஸ்டர் சொன்ன வாரம், நிலக்கோட்டைக்குப் போய்ப் பூ எடுத்துவந்து விற்கும் ஒருவர் தன் மகளுக்கு ஒரு பாட்டில் மோர் கொடுத்து அனுப்பினார். மோர் என்று அவர் சொன்னார். வீட்டு மாட்டுப் பால், ஆடை எடுக்காத தயிர், லேசாகத் தண்ணீர் விட்டிருந்தார். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட தெருக்கள் ஒன்பதை அன்று நான் குலுங்கக் குலுங்கக் கடந்தேன்.

பிள்ளை மூடியைத் திறந்து கவிழ்த்தால் ஒன்றும் விழவில்லை. பாட்டில் வாயில் நெல்லிக்காய் அளவு வெண்ணெய் அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் விரலை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மோர் மிச்சம்; ஆனால் மோர் வாளிக் கணக்கில் வராது. மறுநாள் அந்தப் பூக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கக் கேட்டேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "தண்ணி எதுக்குய்யா? ரோடு போடுற வரைக்கும் தயிராவே தாரேன். நெய் உருக்குற அன்னிக்கு உங்களுக்கும் ஒரு கிண்ணம்."

ஆடு

மாதம் முடிய ஒரு நாள் இருந்தபோது என் நோட்டில் ஐந்து ஆகியிருந்தது. கீரை ஒன்று. ஒரு பிறந்தநாள் கேக், அதைத் தின்றபிறகு யாருக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு கபடிப் போட்டி. இரண்டு மழை நாள். மழையைப் பார்ப்பார்களா, சாம்பார் சாதத்தைப் பார்ப்பார்களா?

ஐந்தாவது முறை கோட்டைத் தாண்டியது ஒரு விரல் அளவுதான். பள்ளிக்கூட வாட்ச்மேன் சந்தனம் என் பக்கத்தில் வந்து நின்றார். சாணார்பட்டிப் பக்கம், வீட்டில் நாலு ஆடு வைத்திருக்கிறார். சிஸ்டர் வர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று நினைவூட்டினார். என் கை வாளி வரை போனது உண்மை. ஆனால் இருபத்தொன்பது வருடம் எண்ணியவனுக்கு எண்ணிக்கையில் கை வைக்க வரவில்லை. அவருக்கு என்னைப் பார்க்கவே பாவமாக இருந்திருக்கவேண்டும். "ரெண்டு கை அள்ளுனா யாருக்குண்ணே தெரியும்? ஆடு என்ன, சிஸ்டர்ட்ட போயிச் சொல்லப்போகுதா?"

கடைசி நாள்

வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, அன்றே முப்பத்தொரு சீட்டு எழுதி எல்லாப் பையிலும் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். 'நாளை கோடு தாண்டினால் அடுத்த மாதம் முதல் நான் வர முடியாது. பிள்ளைகள் மிச்சம் வைக்காத சாப்பாடாகக் கொடுக்கவும்.' இதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மூன்றாவது வீட்டிலேயே மொபெட்டில் கட்டும் கயிறு பத்தவில்லை. ஓரடுக்கு டப்பா வந்த இடத்தில் மூன்றடுக்கு வந்தது. பிள்ளை பிரியப்பட்டுத் தின்னும் எல்லாவற்றையும், என்மேல் இருந்த பிரியத்தில், இரண்டு மடங்காகச் செய்திருந்தார்கள். சீரகச் சம்பா பிரியாணி பதினான்கு வீட்டில். முட்டை, கேசரி, உருளைக்கிழங்கு வறுவல், தனியாக ஒரு டப்பாவில் கொய்யாப்பழம். இவ்வளவு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியை இரண்டு நடை ஓட்டினேன். பிள்ளைகள் குறை வைக்கவில்லை, தின்ன முடிந்தவரை தின்றார்கள். ஒருவன் இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டுத் தின்றான். அப்படியும் மணி அடிக்குமுன் கோடு பிரியாணிக்குள் முழுகிவிட்டது. ஆறு.

சிஸ்டர் வந்து வாளியைப் பார்த்தார். வரிசையாக இருந்த மூன்றடுக்கு டப்பாக்களைப் பார்த்தார். ஒரு பையிலிருந்து என் சீட்டை எடுத்து வாசித்தார். நான் காலிப் பைகளை எண்ண ஆரம்பித்தேன். அதைவிட வேறு வேலை அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. அவர் உள்ளே போய், உள்ளங்கையில் அடங்கும் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "மிச்சம் வைக்கிறது பிள்ளைங்க இல்லய்யா, அம்மாமாருங்கதான். நீங்க வாங்க. ஆனா இதுக்கு மேல பெரிய டப்பா வாங்கப்படாது. சீட்டெல்லாம் எழுத வேணாம், வீடு வீடாப் போயி நீங்களே வாயத் தொறந்து சொல்லிருங்க."

இதுவரை நான்கு வீடுகளில் சொல்லியிருக்கிறேன். மீதி இருபத்தேழு அம்மாக்களிடம் "பிள்ளைக்குக் கொஞ்சமாப் போடுங்க" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரும்வரை, அந்த இருபத்தேழு பிள்ளைகளும் இரண்டு ஆள் சாப்பாட்டோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.