ஆறு நாள் விரதமும் ஒரு வெள்ளைக் குளிசையும்

கேதீஸ்வரி என் மனைவி. கரவெட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு விடிய முன்னரே போய் இறைப்பு மெசினை ஸ்டார்ட் பண்ணுகிறவள் அவள்தான். நான் வரம்பில் நின்று புத்தி சொல்வேன். தடிமனுக்குக்கூடப் படுத்தறியாதவள். போன வருடம் அவளுக்குக் கன்னம் சிவந்து, மூட்டெல்லாம் நொந்து, கடைசியில் லூப்பஸ் என்ற வருத்தம் என்றார்கள்.

கிளினிக்கில் டொக்டர் சிவகௌரி, எங்கள் மகள் வயது இருக்கும், பொறுமையாக விளக்கினார்.

"ஐயா, கள்ளனைக் கண்டால் வீட்டு நாய் குலைக்கும். சத்தத்துக்கு அயலட்டைச் சனம் பொல்லு தடியோடை ஓடி வரும். உடம்பிலை அந்த நாய்தான் பிறபொருளெதிரி. கிருமியிலை ஒட்டிக்கொண்டு காட்டிக்குடுக்கும். ஓடி வாற ஆக்கள், இரத்தத்திலை இருக்கிற கொம்பிளிமென்ட் எண்ட புரதங்கள். கிருமியிலை ஓட்டை போட்டுச் சாகடிக்கும்."

"நல்லதுதானே பிள்ளை!"

"அம்மாவின்ரை உடம்பிலை நாய் வீட்டுக்காரரைப் பாத்தெல்லோ குலைக்குது! அயல் வந்து வீட்டையே அடிக்குது. அடிச்சடிச்சு அவையும் களைச்சு விழுந்திட்டினம். அதுதான் ரிப்போட்டிலை கொம்பிளிமென்ட் குறைவு. இந்த வெள்ளைக் குளிசைதான் நாய்க்குச் சங்கிலி. ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் சிறுநீரகத்தைப் பிடிச்சிடும்."

தலையாட்டினேன். பிறபொருளுக்குத்தானே எதிரி, பிறகு ஏன் என் மனைவியைப் பிடிக்கிறது? கொரோனா நேரம் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு என்று கொத்தமல்லி அவிக்கச் சொன்னார்கள், இப்போது குறைக்கக் குளிசை தருகிறார்கள். என்ன கோதாரியோ!

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. வருத்தம் மாற வேண்டுமென்று ஆறு நாளும் இளநீர் மட்டும் குடித்து விரதம் பிடித்தாள். முதல் நாளே கேட்டாள்.

"இஞ்சருங்கோ, குளிசையை என்ன செய்யிறது?"

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதியிருந்தது.

"சாப்பாடே இல்லை, பிறகென்ன குளிசை? வெறுவயித்திலை போட்டால் குடலை அரிச்சுப்போடும். விடு," என்றேன், பெரிய டொக்டர் மாதிரி.

ஏழாம் நாள், விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை அன்று விடிய, அவளுடைய முகம் ஊதி, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஆசுபத்திரிக்கு ஓடினோம்.

சிவகௌரி பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இந்த முறை பொறுமை இல்லை.

"சிறுநீரகத்தைப் பிடிச்சிட்டுது. தப்புமோ எண்டு இப்ப சொல்லேலாது. குளிசையை நிப்பாட்டச் சொன்னது ஆர்?"

கட்டிலில் கிடந்தவளின் போர்வையைக் குனிந்து இழுத்துவிட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை பிள்ளை. நான்தான் மறந்துபோனன்," என்றாள் கேதீஸ்வரி, போர்வைக்குள் என் கையைப் பிடித்தபடி.

முப்பது வருடத்தில் எதையும் மறந்தறியாதவள். தன் உடம்பே தன்னை அடித்துக்கொண்டிருக்க, என்னை எதற்குக் காப்பாற்றுகிறாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.