அத்தான் நட்ட நான்கு தூண்கள்

என் அக்காவின் கணவர் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அதனால் அவர் பெயரே மூட்டை ஆகிவிட்டது. விடுமுறை நாட்களில் அதே கிடங்கின் பின்புறம் குத்துச்சண்டை போடுவார். அங்கே எல்லை என்று எதுவும் கிடையாது. பார்க்க வந்தவர்கள் சுற்றி நிற்பார்கள், அதுதான் வட்டம். ஆள் விழுந்தால் வட்டம் சுருங்கும். எழுப்பிவிடுகிறேன் என்று ஒருவன் உதைப்பான். அதைப் பார்த்துப் பக்கத்தில் நிற்பவனும் உதைப்பான்.

ஒருமுறை அத்தான் விழுந்தார். எதிராளி கையை இறக்கிவிட்டான். கூட்டம் காலை இறக்கவில்லை. மூன்று விலா எலும்புகள் முறிந்தன. இடது கண் போயிற்று. உதைத்த கால்களில் ஒரு ஜோடி மட்டும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. தீப்பொறி பட்டுப் பொத்தலான பூட்ஸ். பக்கத்துப் பட்டறை வெல்டருடையது.

நடமாட முடிந்ததும் நான்கு இரும்புக் குழாய்களை அதே இடத்துக்குக் கொண்டுவந்து, குழி தோண்டி, சிமெண்ட் போட்டு நட்டார். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம்.

"வட்டமாவே நட்டா என்ன அத்தான்?"

"இந்தா, இந்தக் கயிறை வட்டமா இழுத்துக் கட்டு மாப்ளே. படிச்சவனாச்சே."

இழுத்தேன். இரண்டு தூணுக்கு நடுவே கயிறு நேராகத்தான் நின்றது.

"இருபது தூண் வச்சா வட்டம் மாதிரி வரும்."

"இருபது எடத்துல மண்டை உடையும். மூணு வச்சா மூலை இடுக்காயிடும், மாட்டினவன் வரவே முடியாது. நாலு போதும். மனுசங்க நிக்கிற வட்டம் நகரும் மாப்ளே, இது நகராது. உதைக்க ஆசைப்படுறவன் குனிஞ்சு உள்ள வரட்டும்."

முதல் சண்டைக்கு அவர் கூப்பிட்டது வெல்டரைத்தான்.

"ஒத்தைக் கண்ண வச்சுக்கிட்டா வர்ற மூட்டை?"

"உன்னப் பாக்க ஒண்ணு போதும்."

அக்கா என்னைத் தனியாக அழைத்தாள். "ஜெயிக்கட்டும், தோக்கட்டும். கொலைகாரனா மட்டும் வீட்டுக்கு வரக் கூடாது. நீ பாத்துக்க."

மூன்றாவது சுற்றில் வெல்டர் மூலையில் மாட்டினார். இரண்டு பக்கமும் இறுகிய கயிறு. விழவேண்டிய ஆளை அது விழவிடவில்லை. மூக்கு நசுங்கியது, தாடை ஒரு பக்கம் தொங்கியது. அத்தான் மூட்டை அடுக்கும் நிதானத்தோடு குத்திக்கொண்டே இருந்தார். நடுவராக நின்ற மேஸ்திரி அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை.

"அத்தான், போதும்" என்று கத்தினேன். காதில் விழவில்லை. கயிறு கட்டும்போது வைத்திருந்த கத்தி என்னிடமே இருந்தது. வெல்டர் சாய்ந்திருந்த பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்த மூன்று கயிறுகளையும் அறுத்தேன்.

வெல்டர் வெளியே, கூட்டத்தின் காலடியில் விழுந்தார். விழுந்தவன் யாரென்று எவனும் பார்க்கவில்லை. பழகிய கால்கள் தாமாக எழுந்தன.

அத்தானின் கை அப்போதுதான் நின்றது. ஒரு கணம் அந்தக் கால்களையே பார்த்தார். பிறகு பாய்ந்து வெல்டர்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். "விடுங்கடா, சண்டை முடிஞ்சுபோச்சு" என்றார். அவர் பின்மண்டையில் இறங்கிய பூட்ஸ் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். வெல்டர் பிழைத்துக்கொண்டார்.

கயிற்றை அறுத்தது நான்தான் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு உயிரோடதான இருக்கான்?"

"இருக்கான்க்கா."

"நான் சொன்னதத்தான செஞ்ச" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.